பன்னிரண்டில் ஐந்து

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை. நாகமலை புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீ சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். "நமது ஆய்வகத்தைச் சேர்ந்த அழகுராஜா இன்று அதிகாலை மாரடைப்பால் காலமானார்" என்று ஆய்வகக் குழுவில் ஒரு வரி. அதன்கீழே கைகூப்பும் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஆறாவது கைகூப்பலுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் திட்டத் தலைவரின் செய்தி: "சில்லர் பேனல் பாஸ்வேர்ட் அவரிடம் மட்டும்தான் இருந்ததா? யாருக்காவது தெரியுமா? அவசரம்." பிறகு மறுபடி கைகூப்பல்கள்.

எனக்குத் தெரியும். குளிர்நீர் இயந்திரம் நின்றுபோனால் உள்ளே என்ன ஆகும் என்பதும் தெரியும். தட்டி அனுப்பினேன். "தேங்க்ஸ் பா" என்று பதில் வந்தது, ஒரு கட்டைவிரலோடு. முப்பத்தொன்பது வயதில் ஒரு மனிதர் செத்துப்போனார் என்ற செய்திக்கு நான் செய்த முதல் காரியம் அது. டீயில் ஆடை படிந்துவிட்டது. அப்படியே வைத்துவிட்டு நடந்தேன். இந்தக் கட்டுரையில் அருவருப்பு தரும் சில காரியங்கள் வரும். அவற்றை என்னிடமிருந்து தொடங்குவதுதான் நியாயம் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

அவருடைய மேலூர் நண்பர்கள் இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். "தம்பி, நல்லவிதமா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்றார்கள். அழகுராஜாவைப் பற்றி நல்லவிதமாக மட்டும்தான் எழுத முடியும். அவரைச் சுற்றி நடந்ததைப் பற்றி அப்படி முடியாது. இதைப் படிக்கப்போகும் உங்களில் பலருக்கு அவரைப் பல வருடம் தெரியும். தினமும் காலை ஏழு மணி பஸ்ஸில் மேலூரிலிருந்து மதுரைக்கு வந்து, மாறி ஏறி, நகரத்தின் மறுகோடிக்குப் போய்விட்டு மாலையில் திரும்புவார். அங்கே என்னதான் செய்தார் என்பது உங்களுக்குச் சரியாகத் தெரியாது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சிலிக்கான் சிப் இருக்கிறது, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத உலோகக் கோடுகள். அந்தக் கோடுகளில் மின்னழுத்தத்தைச் சரியாக வைத்தால் கீழே ஒரே ஒரு எலக்ட்ரான் வந்து மாட்டும். அதற்கு ஒரு சுழற்சி உண்டு. அது மேல்நோக்கி இருக்கலாம், கீழ்நோக்கி இருக்கலாம், அளக்கும்வரை இரண்டும் கலந்தும் இருக்கலாம். அதுதான் ஒரு க்யூபிட், குவாண்டம் கணினியின் ஒரு செங்கல். இது நிலைத்து நிற்க வேண்டுமானால் விண்வெளியைவிட அதிகக் குளிர் வேண்டும். ஆள் உயர உருளை ஒன்று அந்தக் குளிரைத் தருகிறது. நாங்கள் அதை ஃப்ரிட்ஜ் என்போம். புதிதாக வந்த காவலாளி ஒருவர், சித்திரை வெயில் தாங்காமல், அந்த ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டில் வைக்கலாமா என்று கேட்டார். அழகுராஜா முகத்தை மாற்றாமல் சொன்னார்: "தாராளமா வைங்கண்ணே. எடுக்கத்தேன் ரெண்டு நாளாகும்." உண்மையில் அதைச் சூடாக்கித் திறக்க இரண்டு நாள் ஆகும். காவலாளிக்குப் புரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து இருவரும் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள்.

அந்த எலக்ட்ரான்களைத் தினமும் காலையில் ஒவ்வொன்றாகப் பிடித்து உட்காரவைப்பதுதான் அழகுராஜாவின் வேலை. அவருடைய அப்பா கல் குவாரிக்கும் களத்துக்கும் கூலிக்குப் போனவர். பிறகு கால்வாயின் கடைமடையில், அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், கொஞ்சம் நிலம் வாங்கினார்கள். அழகுராஜா தாழ்வெப்ப இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். பார்வையாளர்கள் வந்தால் திட்டத் தலைவர் எங்கள் எல்லோரையும் டாக்டர் இன்னார், இன்ஜினியர் இன்னார் என்று அறிமுகப்படுத்துவார். அவரை மட்டும் "நம்ம டெக்னீஷியன்" என்பார். கூலிக்காரர் வீட்டிலிருந்து, காலனித் தெருவிலிருந்து வந்தவர் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஒருமுறை அவர் திருத்தினார். அடுத்த முறை திருத்தவில்லை. நாங்கள் யாரும் எந்த முறையும் திருத்தவில்லை.

அவரை என் குரு என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். அவர் எனக்கு எதையும் சொல்லிக்கொடுக்க முயன்றதில்லை. என்னோடு சண்டை போட்டார், அவ்வளவுதான். நான் அண்ணே என்பேன், அவர் மாப்ள என்பார், நடுவில் சத்தம் ஏறும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, ஒரு மனிதன் காலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து மின்னழுத்தக் குமிழைத் திருகுவது கேவலம் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். இரண்டு வாரத்தில் புரோகிராம் எழுதி, தானாக நடக்கச் செய்கிறேன் என்றேன். செய்தேன். அப்போது ஆறு க்யூபிட் சிப். என் புரோகிராம் மூன்றாவதைச் சரிசெய்தது. அதற்குள் முதலாவதும் இரண்டாவதும் கலைந்தன. முதலாவதைச் சரிசெய்யப் போனது, நான்காவது கலைந்தது. நாள் முழுக்க அது சுற்றிச் சுற்றி ஓட, அவர் கடலை உரித்துத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் சிரிக்கிறீர்கள் என்று எரிந்து விழுந்தேன். "முறைத்தண்ணி விடுற நாள்ல எங்க ஊருக்கு வந்து பாரு மாப்ள," என்றார். "மேல ஒருத்தன் மடைய ஒரு சாண் தூக்குனா, கீழ இருக்க அம்புட்டு வயல்லயும் மட்டம் எறங்கும். ஒன் புரோகிராமு ஒவ்வொரு மடையா ஓடி ஓடித் தூக்குது. கால்வாய மொத்தமாப் பாக்க மாட்டேங்குது." இது இயற்பியல், கால்வாய் இல்லை என்று கத்தினேன். நான்கு மாதம் கழித்து நான் எழுதிய, இன்றுவரை ஓடுகிற புரோகிராம், எல்லா மின்னழுத்தங்களையும் ஒரே கணக்காகச் சேர்த்துப் பார்க்கிறது. கால்வாயை மொத்தமாகத்தான் பார்க்கிறது. அதை அவரிடம் நான் வாய்விட்டு ஒப்புக்கொண்டதில்லை. அவரும் கேட்டதில்லை.

அடுத்து பொது வரிசை. திட்டத்துக்கு அனுமதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தில், இயந்திரத்தின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு பொதுமக்களுக்கு என்று ஒரு வரி இருந்தது. ஒரு செல்போன் எண் இருந்தால் போதும், நாட்டில் யாரும் எங்கிருந்தும் தன் கணக்கை அனுப்பி, அது வரிசையில் நின்று முறை வந்ததும் எங்கள் சிப்பில் ஓட்டிப் பார்க்கலாம். விண்ணப்பத்தில் எழுத அழகான வரி என்பதற்கு மேல் மற்றவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அழகுராஜா அதை அப்படியே நம்பினார். பதிவுப் பக்கத்தைத் தமிழில் எழுதினார். விடுமுறை நாட்களில் மேலூர், திருமங்கலம் என்று கல்லூரி கல்லூரியாகப் போய்ச் செய்து காட்டினார். கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியசாமி அண்ணன்தான் ஃப்ரிட்ஜுக்குள் வைக்கும் செம்புத் துண்டுகளைக் கடைந்து தருபவர். அவருக்கும் ஒரு கணக்கைத் திறந்து கொடுத்து, ஒரு எலக்ட்ரானை வைத்துக் காசு சுண்டுவதுபோல ஒரு புரோகிராமை ஓட்டவைத்தார். "நான் கடைஞ்ச துண்டுக்கு மேலயா இது உக்காந்திருக்கு?" என்று அந்த மனிதர் கிரீஸ் கையோடு போனைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூடப் போயிருந்த நான், வரும் வழியில், இதனால் அறிவியலுக்கு என்ன பயன் என்று கேட்டேன். "பொதுன்னு எழுதியிருக்குல்ல மாப்ள. பொதுன்னா இவருதேன்," என்றார்.

பொது வரிசையின் முகப்பில் ஒரு சிறிய பெட்டி இருந்தது. அதை அவர் பலகை என்பார். தினமும் காலை, சிப்பைச் சரிசெய்து முடித்ததும், அன்றைய நிலையைத் தன் கைப்பட அதில் தட்டிவைப்பார். "இன்று ஆறில் நான்கு. மூன்றாவது காலையிலிருந்து முரண்டு." "இன்று ஆறில் ஆறு. நம்ப வேண்டாம், மதியத்துக்குள் ஒன்று போகும்." "இன்று ஒன்றுமில்லை. கரண்டு போய் வந்தது. மன்னிக்கவும்." ஒவ்வொன்றின் கீழும் அழகுராஜா என்று பெயர். கணக்கு எதையும் ஓட்டாமல் பலகையைப் படிக்க மட்டும் வருகிறவர்கள் இருந்தார்கள். திட்டத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுச் சண்டையைத் தெருவில் ஒட்டுவதுபோல இருக்கிறது என்றார்.

பிறகு பன்னிரண்டு க்யூபிட் சிப் வந்தது. சிலிக்கானின் பெருமையே, சாதாரண சிப் தொழிற்சாலையின் முறையிலேயே செய்யலாம், எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம் என்பதுதான். சிப்பில் அடுக்கலாம், சரி. ஆனால் ஒவ்வொரு க்யூபிட்டுக்கும் மேலிருந்து கம்பிகள் இறங்க வேண்டும், ஒவ்வொரு கம்பியும் வெளிச்சூட்டைக் கொஞ்சம் உள்ளே கொண்டுபோகும். உலகத்தில் இந்த வேலையைச் செய்கிற எல்லோருக்கும் இதுதான் தலைவலி. புதிய சிப் கைக்கு வந்ததும் அழகுராஜா, உள்ளே கம்பிகளை மாற்றிப் போடாமல் இது நிற்காது, ஆறு மாதம் வேண்டும் என்றார். திறப்பு விழாவுக்கு இருந்ததோ ஆறு வாரம்.

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். "அழகு, கவுண்ட்தான்ப்பா நியூஸ்," என்றார் திட்டத் தலைவர். "ஆறா, பன்னண்டா, அதத்தான் கேப்பாங்க. எவ்வளவு நேரம் நிக்குதுன்னு ஒருத்தன் கேக்க மாட்டான்."

"பொது வரிசையில இருக்கவங்க கேப்பாங்க சார்."

"யாரு, அந்தக் காலேஜ் பிள்ளைங்களா?" என்று அவர் சிரிக்க, மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தோம். நானும்.

விழா நடந்தது. முக்கியஸ்தர் ஒருவர் பொத்தானை அழுத்தினார். அன்று காலை பன்னிரண்டில் ஐந்து நின்றது, மதியத்தில் இரண்டு. படங்கள் எடுத்து முடித்து, பந்தல் பிரித்ததும், வேறு வழியில்லாமல் ஃப்ரிட்ஜைச் சூடாக்கித் திறந்து, சிப்பைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டுக் கம்பி வேலையைத் தொடங்கினோம். பொது வரிசையை மூடிவிட்டதாக அழகுராஜாவிடம் சொல்லப்பட்டது. பக்கத்தில் விழா அறிவிப்பு அப்படியே இருக்கட்டும், பலகையில் கொஞ்ச நாள் எதுவும் எழுத வேண்டாம் என்றும் சொல்லப்பட்டது. அவர் கம்பிக்குள் தலையைக் கொடுத்துக் கிடந்தார், எழுதவில்லை.

வரிசை மூடப்படவில்லை. திட்டத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். திறப்பு விழா முடிந்த கையோடு இயந்திரம் இல்லை என்று வந்தால் அசிங்கம், ரெண்டு நாள் சமாளி என்றார். நாற்பது வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். வெளியிலிருந்து வரும் கணக்கு சிப்புக்குப் போகாமல் சாதாரணக் கணினி ஒன்றுக்குப் போகும். அது விடையைக் கணக்கிட்டு, கொஞ்சம் பிழையைக் கலந்து, சிப் தந்ததுபோலத் திருப்பி அனுப்பும். பன்னிரண்டு க்யூபிட் என்பது ஒரு மடிக்கணினியே போட்டுவிடக்கூடிய கணக்கு. அதனால்தான் இந்தப் பொய் இவ்வளவு சுலபம். பிழை இயற்கையாக இருக்க வேண்டும் என்று, ஒரு திங்கட்கிழமை சிப்பில் அளந்த பிழைகளை எடுத்து அச்சாக வைத்துக் கலந்தேன். நன்றாகச் செய்திருக்கிறேன் என்ற பெருமைகூட இருந்தது. இரண்டு நாள் பத்தொன்பது நாள் ஆனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் மேலூர்க் கல்லூரி மாணவி நிஷாவின் மின்னஞ்சல் வந்தது. அவளுடைய புராஜெக்ட் எளிமையானது. தினமும் காலை பத்து மணிக்கு ஒரே புரோகிராமை எங்கள் இயந்திரத்தில் ஓட்டி, அது நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று குறிப்பது. பொது வரிசையின் முகவரிக்கு எழுதியிருந்தாள், அதைப் படிப்பவர் அழகுராஜா. "ஐயா, முன்பெல்லாம் உங்கள் மெஷின் தினம் ஒரு மாதிரி தவறு செய்யும். பலகையைப் பார்த்தால் காரணம் இருக்கும். இப்போது பல நாளாக ஒரே மாதிரி தவறு செய்கிறது. பலகையிலும் எதுவும் இல்லை. தவறுகூட மாறாமல் இருக்குமா?"

அவர் அதை அச்செடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். கையில் செம்புத்தூள் ஒட்டியிருந்தது. தாளை என் முன்னால் வைத்தார்.

"இது யாரு மாப்ள பேசுறது? சிப்பு அந்தா டப்பாவுல கெடக்கு."

சொன்னேன். ரெண்டு நாள் என்றுதான் சொன்னார்கள் என்றேன். பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, வாதாடவும் செய்தேன். "விடை சரியாத்தானண்ணே போகுது. மெஷின் குடுக்குறதவிட நல்லாவே போகுது."

"அந்தப் பிள்ள விடையக் கேக்கல மாப்ள. மெஷினக் கேட்டுச்சு." தாளைத் தட்டிக் காட்டினார். "கடைமடைக்காரன்கிட்டத் தண்ணி வரலைன்னா வரலைன்னு சொல்லு. அவன் வேற வழி பாத்துக்குவான். வயல்ல கண்ணாடியப் பரப்பிவச்சு, இந்தா தண்ணி மின்னுது பாருன்னு சொல்லாத."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை.

நேராகத் திட்டத் தலைவரிடம் போனார். திருத்தம் போட்டால் திட்டமே போய்விடும் என்று பதில் வந்தது. அரைமணி நேரம் கழித்துப் பலகையில் எழுத்து வந்தது: "கடந்த பத்தொன்பது நாட்கள் பொது வரிசையில் தரப்பட்ட விடைகள் சிப் தந்தவை அல்ல. சாதாரணக் கணினி தந்தவை. சிப் கழற்றப்பட்டிருந்தது. இந்த நாட்களின் விடைகளை வைத்து யாரும் எதையும் எழுதிவிட வேண்டாம். மன்னிக்கவும்." கீழே வழக்கம்போல அழகுராஜா. இரண்டு மணி நேரம் இருந்தது. பிறகு எடுத்துவிட்டார்கள், அவர் எழுதும் உரிமையையும் சேர்த்து. பலகை இருந்த இடத்தில் ஒரு பச்சை வட்டம் வந்தது: "12 க்யூபிட் இயங்குகிறது." மழையோ வெயிலோ, அது பச்சைதான்.

மூன்று பேர் கொண்ட விசாரணை. அந்தப் புரோகிராமை எழுதியது யார் என்று ஒருவர் கேட்டார். அழகுராஜா சொன்னார், "ஆய்வகத்துல எழுதுனது சார்." என் பக்கம் திரும்பவில்லை. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், மேசையின் விளிம்பில் பெயர்ந்திருந்த மைக்காவைப் பார்த்துக்கொண்டு. வாயைத் திறக்க எனக்கு ஒரு முழு நிமிடம் இருந்தது. அவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அனுமதியின்றி வெளியிட்டதற்காக அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். தாழ்வெப்ப இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் திருகாணிகளையும் குழாய்களையும் எண்ணி அலமாரியில் வைத்தார். குளிர்நீர் இயந்திரத்தின் பாஸ்வேர்டை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. மாற்றத் தெரிந்தவர் அவர்தான்.

ஸ்டோரில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பத்தொன்பது நாளில் விடை வாங்கிய ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டார். அப்போது அவருடன் இருந்த காவலாளி இதை எனக்குப் பிறகு சொன்னார். பெரியசாமி அண்ணன், அட விடுங்க தம்பி, காசு சுண்டுனதுல எனக்கு என்ன நட்டம் என்றாராம். "நீங்க சுண்டவே இல்லண்ணே. சுண்டுன மாதிரி காட்டிட்டாங்க. அது ஒங்களுக்குத் தெரியணும்," என்றாராம் இவர்.

நான் ஸ்டோர் பக்கம் போவதைத் தவிர்த்தேன். அவர் வரைந்து வைத்திருந்த படத்தின்படி கம்பிகளைப் போட்டு முடித்தோம். இப்போது நல்ல நாளில் பன்னிரண்டில் ஐந்து நிலையாக நிற்கிறது. அந்த ஐந்தும் அவர் போட்ட வழி. இறப்பதற்குப் பத்து நாள் முன்பு வாசலில் எதிரே வந்துவிட்டார். "என்ன மாப்ள, இம்புட்டுப் பெரிய மெஷினுக்கு ஒரு திருகாணிகூடவா தேயல? ஸ்டோர் பக்கம் ஆளையே காணோம்." சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "வாரேண்ணே" என்றேன். போகவில்லை. நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது ஒரு பொய்.

ஸ்டோரில் கழிந்த அந்த ஐந்து மாதம்தான் அவரைக் கொன்றது என்று எழுத மாட்டேன். அவருக்குச் சர்க்கரை இருந்தது, அவர் அப்பாவும் மாரடைப்பில் போனவர். அளக்காததைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

படத்திறப்பு ஆய்வகக் கருத்தரங்கக் கூடத்தில் நடந்தது. மேடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ். அவர் படத்துக்குப் பக்கத்தில், சரவிளக்குபோலத் தங்க நிறத்தில் மின்னும் ஒரு குவாண்டம் கணினி. அது எங்களுடையது இல்லை, எங்கள் வகையும் இல்லை, இணையத்திலிருந்து எடுத்த ஏதோ ஒன்று. கீழே பெயர், அதன் கீழே "டெக்னீஷியன்". செத்த பிறகும். திட்டத் தலைவர் பேசினார். குவாண்டம் கணினி சாமானியர் கைக்கும் போக வேண்டும் என்பது அழகுராஜாவின் கனவு, அந்தக் கனவு இன்று பன்னிரண்டு க்யூபிட்டாக நனவாகி நிற்கிறது என்றார்.  கைதட்டினார்கள். படத்திறப்பில் கைதட்டினார்கள். முன்வரிசையில் அவர் மனைவி சுமதி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, ஃப்ளெக்ஸில் அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.  எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வராந்தாவில் ஒரு பெண் நின்றிருந்தாள். நிஷா என்று பெயர் சொன்னாள். அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். அந்த மன்னிப்புல அவங்க பேர் இருந்துச்சு. அத அவங்கதான் செஞ்சாங்கன்னு நெனச்சேன். போன் பண்ணுனாங்க, நான் சரியாப் பேசல. ஒங்களப் போயி நம்புனேனேன்னு சொல்லிட்டு வச்சிட்டேன். அப்பறம் புராஜெக்டையே மாத்திட்டேன். அவங்களா சார் செஞ்சாங்க?"

ஐந்து மாதமாக ஒரு பெண் அவரைப் பொய்யர் என்று நினைத்திருக்கிறாள். அவர் போனில்கூட மறுக்கவில்லை. மறுத்திருந்தால் என் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும்.

"இல்லம்மா," என்றேன். "எழுதுனது நான். அவருக்குத் தெரியவே தெரியாது. நீ கேட்டுத்தான் அவருக்கே தெரிஞ்சது."

 "அப்ப அஞ்சு மாசமா ஏன் சார் சொல்லல?"

 பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கூடத்துக்குள் போய், சுமதி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, குனிந்து ஏதோ பேசினாள். அவர் நிமிர்ந்து, கதவு வழியே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

உங்களுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். பலகையில் எழுதும் உரிமையை அவரிடமிருந்து பிடுங்கினார்கள். என்னிடமிருந்து பிடுங்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கட்டியவனே நான். ஐந்து மாதமும், எந்த நாளிலும், ஒரு நிமிடத்தில் என்னால் அந்தப் பச்சை வட்டத்தை எடுத்துவிட்டு எழுதியிருக்க முடியும். படத்திறப்புக்கு மறுநாள் காலைதான் எடுத்தேன். முதலில் அந்தப் பத்தொன்பது நாளைப் பற்றி எழுதினேன். யார் சொன்னார்கள், யார் எழுதினார்கள், யாருக்குத் தெரியாது என்பதோடு. திட்டத் தலைவர் பதினொன்றரைக்குக் கூப்பிட்டார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நான் அங்கே இருப்பேனா, ஸ்டோரில் இருப்பேனா, வெளியே இருப்பேனா என்று தெரியாது. பலகையை அவர்கள் இருமுறை எடுத்தார்கள். இருமுறை திரும்பப் போட்டேன். மூன்றாம் முறை எடுக்கவில்லை. தினமும் காலையில் சுமதி அக்கா அதைத் திறந்து பார்ப்பதாக நிஷா சொன்னாள்.

அழகுராஜாவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவர் நோட்டுகளை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய காலை வேலை ஒன்றை மட்டும். புரோகிராம் சொல்வதை நம்பாமல், ஒவ்வொரு எலக்ட்ரானையும் நானே ஒருமுறை பார்க்கிறேன். எண்ணுகிறேன். எண்ணியதை எழுதுகிறேன். கீழே பெயர் போடுகிறேன், என் பெயரை. இன்று எழுதியது இது:

"இன்று பன்னிரண்டில் ஐந்து. ஏழாவது பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டது. பொது வரிசை பதினொரு மணிக்குத் திறக்கும். அதுவரை அனுப்பும் கணக்குகள் காத்திருக்கும்."